சாமிக்கு முன்னால் வைத்த ஜாடி

மத்திகிரியைத் தாண்டியதும் கம்பெனி பஸ் நின்றுவிட்டது. ஆயுத பூஜைக்கு ரோட்டில் உடைத்த பூசணிக்காய்கள் விடுமுறை முழுக்கச் சக்கரம் ஏறி ஏறிக் கூழாகிக் கிடந்தன. அதில் ஒரு பைக் வழுக்கியிருந்தது. பைக்குக்கு ஒதுங்கப்போன முட்டைக்கோஸ் வேன் ஒன்று ரோட்டுக்குக் குறுக்கே திரும்பி நின்றுகொண்டது. பைக்காரனுக்கு அடி எதுவும் இல்லை. எழுந்து பேண்ட்டில் ஒட்டிய விதைகளைத் தட்டிக்கொண்டே, பூசணிக்காய் உடைத்தவனின் பரம்பரையைக் கன்னடத்தில் திட்டிக்கொண்டிருந்தான். பஸ்ஸில் எல்லோரும் ஜன்னல் பக்கம் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள்.

ஜோதியம்மாள் சிரிக்கவில்லை. டிபன் பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்தபடி முன் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னாக்கா, பஸ்ஸ நீயே தள்ளப் போற மாதிரி குந்தினு இருக்கற?" என்றாள் பக்கத்தில் இருந்த கேன்டீன் மாரம்மா. "நம்ம மேல தப்பா? பஸ்ஸே லேட்டு. ஒருத்தரும் கேக்க மாட்டாங்கோ."

"அதுக்கில்ல."

"பின்ன என்னாத்துக்கு?"

"ஒண்ணுமில்ல மாரம்மா. ஒரு வேலைய பாதியில வுட்டுட்டு வந்துட்டன்."

அந்தப் பாதி வேலை, கழுவும் அறையின் கம்பித் தட்டில் கவிழ்ந்திருந்த ஒரு பெரிய கண்ணாடி ஜாடி. எல்லாருக்கும் முன்னால் போய் அதைச் செய்து முடித்துவிடலாம் என்று வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் போட்ட கணக்கும் பாதியில் நின்றிருந்தது. அந்தக் கணக்கில் பூசணிக்காய் இல்லை.

ஜோதியம்மாள் பிறந்ததே மத்திகிரிப் பக்கம் ஒரு கூலிக்காரர் தெருவில்தான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. அப்புறம் மாட்டுத் தீவனத்துக்குப் புல் அறுத்தாள், ராகி வயலில் களை எடுத்தாள், திம்மராயனைக் கட்டிக்கொண்டாள். தளி ரோட்டில் ரோஜாக் கொட்டகைகள் வந்தபோது எல்லாப் பெண்களோடும் அவளும் போனாள். மேலே பிளாஸ்டிக் கூரை, உள்ளே வரிசை வரிசையாகச் செடி. வெளியே குளிரடிக்கும், உள்ளே வேர்த்து ஊற்றும். மருந்து அடித்த ஈரம் காய்வதற்குள் உள்ளே போய்ப் பூ வெட்ட வேண்டும். பல வருஷம் வெட்டினாள். கடைசியில் மூச்சு வாங்க ஆரம்பித்தது. நாலு எட்டு வைத்தால் நெஞ்சுக்குள் விசில் அடிக்கும். ஆஸ்பத்திரியில் மாத்திரையை எழுதிக்கொண்டே, "மாத்திரை பாதிதாம்மா. மறுபடியும் அந்தக் கொட்டகைக்குள்ள போனா எதுவும் கேக்காது" என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகுதான் கான்ட்ராக்ட் ஆளாகச் சிப்காட்டில் இந்தச் சின்னக் கம்பெனிக்குப் பெருக்க வந்தாள். ஒரு நாள் லேப் பொறுப்பில் இருக்கும் சத்யப்ரியா மேடம், டீ டம்ளர்களைக் கழுவி ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிற இவளைக் கண்டு, "நீங்க நாளையிலிருந்து கிளாஸ் வாஷ் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து இவளுக்குக் கழுவும் அறைதான். மின்விசிறி உண்டு. உட்கார ஸ்டூல் உண்டு. மருந்து வாசம் கிடையாது. நெஞ்சில் விசில் நின்று வெகுகாலமாகிவிட்டது. இந்த இடம் போனால் கான்ட்ராக்ட்காரர் வேறு எங்கே அனுப்புவார் என்று அவளுக்குத் தெரியாது. எங்கும் அனுப்பாவிட்டால் எங்கே போக வேண்டியிருக்கும் என்பது நன்றாகவே தெரியும்.

வெள்ளிக்கிழமை பூஜை இப்படித்தான் நடந்தது.

காலையிலேயே சத்யப்ரியா மேடம் பட்டுப்புடவையில் வந்து, "எல்லா மெஷினையும் தொடச்சு சந்தனம் குங்குமம் வைங்க. சின்னச் சாமானையெல்லாம் சாமி முன்னாடி கொண்டாந்து வைங்க" என்று சொன்னார். தராசு வந்தது, ஸ்பேனர்கள் வந்தன, மைக்ராஸ்கோப்புக்குக்கூட ஒரு பொட்டு விழுந்தது. ஜோதியம்மாள் தன் பங்குக்குப் பெரிய ஜாடியைக் கொண்டுவந்து வாழையிலை மேல் வைத்தாள். அந்த லேப்பிலேயே அதைவிட முக்கியமான சாமான் அவள் கையில் வேறு இல்லை. கழுத்து குறுகி, வயிறு அகன்று, அடியில் திருகு வைத்த ஒரு சின்னக் குழாயோடு அது பளபளவென்று நின்றது.

நின்றதுதான், வெறுமையாக நின்றது. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

வெறும் பாத்திரத்தைச் சாமிக்கு முன்னால் யாராவது வைப்பார்களா? வீட்டில் ஒரு சொம்பை வைத்தால்கூட ஒரு வாய் தண்ணீராவது ஊற்றி வைப்பார்கள். புதுவீடு போனால் முதலில் உள்ளே போவது உப்பு. அவளுக்குத் தெரிந்த எந்த வீட்டிலும் பூஜையன்று பாத்திரம் காலியாக இருந்து அவள் பார்த்ததில்லை. கற்பூரம் ஏற்றப் போகிறார்கள். யோசிக்க நேரமில்லை. கேன்டீனுக்கு ஓடி மாரம்மாவிடம் ஒரு கை கல் உப்பு வாங்கி வந்து ஜாடிக்குள் போட்டாள். உப்புக்கல் கண்ணாடியில் சலசலவென்று விழுந்து அடியில் உட்கார்ந்தது. அவளுக்கு மனசு நிறைந்தது. பொரிகடலையும் கொண்டைக்கடலைச் சுண்டலும் வாங்கிச் சாப்பிட்டாள்.

சாயங்காலம் எல்லோரும் கிளம்புகிற அவசரத்தில்தான் ஜாடியின் நினைப்பு வந்தது. உப்பைக் கொட்டினாள். கழுவ டி.ஐ. தண்ணீர்க் குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. போர் தண்ணீரிலிருந்து உப்பு முழுவதையும் எடுத்துவிட்டுக் கொடுக்கிற அந்த மெஷினை லீவுக்காக நிறுத்திவிட்டிருந்தார்கள். வெளியே பஸ் ஹாரன் அடித்தது. சாதா குழாயில் ஒரு குவளை பிடித்து அலசி, மேல்வாய் வழியாகவே கொட்டிவிட்டு, வழக்கமான கம்பித் தட்டில் வழக்கம்போலக் கவிழ்த்தாள். திங்கட்கிழமை முதல் ஆளாக வந்து ஒழுங்காகக் கழுவிக்கொள்ளலாம் என்று ஓடினாள்.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. அடிக்குழாயைத் திறந்து விடவே இல்லை.

திங்கட்கிழமை பஸ் போய்ச் சேர்ந்தபோது கம்பெனியில் எல்லா விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. ஜோதியம்மாள் செருப்பைக் கழற்றியது பாதி, கழற்றாதது பாதியாகக் கழுவும் அறைக்குள் போனாள்.

கம்பித் தட்டு காலி.

லேப் கதவின் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். ஜாடி ஸ்டாண்டில் ஏறியிருந்தது. உள்ளே நீர்மோர் மாதிரி ஒரு திரவம் மெதுவாகச் சுழன்றுகொண்டிருந்தது. ஸ்டூலில் உட்கார்ந்து வேகத்தைச் சரிசெய்துகொண்டிருந்தாள் வினிதா. தேனிப் பக்கத்துப் பெண். படிப்பு முடித்து வந்து இங்கே டிரெய்னியாக இருக்கிறாள். வேலை நிரந்தரமாவதற்கு இந்த ஒரு பேட்ச்சைத் தனியாகச் செய்து காட்ட வேண்டும் என்று அவளுக்குச் சொல்லியிருந்தார்கள்.

"அக்கா வாங்க! பஸ்ஸு மாட்டிக்கிருச்சாம்ல? நான் ஹாஸ்டல்ல இருந்து நடந்தே வந்துட்டேன். ஜாடிய கவுத்து வச்சிருந்தீங்கல்ல, ரெடியாத்தான் இருக்கும்னு எடுத்துட்டேன்."

கவிழ்த்து வைத்தால் தயார் என்று அர்த்தம். அந்தப் பழக்கத்தை அந்த அறையில் ஏற்படுத்தியதே ஜோதியம்மாள்தான்.

"ஊத்திட்டியா கண்ணு?"

"இந்தப் பேட்ச்சுக்கு வேண்டிய நார்க்கரைசல் ஊத்தியாச்சுக்கா. இனி எண்ணெய்தான். ஏன்க்கா?"

சத்யப்ரியா மேடம் அந்தப் பக்கம் போனில் பேசிக்கொண்டிருந்தார். "கண்டிப்பா ரெட்தான் சார். போன சாம்பிள்ல பாத்தீங்களே, அதே ரெட். அடுத்த வாரம் உங்க பெங்களூர் ஆபீஸ்ல இருக்கும்." பேசிக்கொண்டே இவளைப் பார்த்துச் சிரித்துத் தலையாட்டினார்.

ஜோதியம்மாள் வாயைத் திறந்தாள். நாக்கு எழவில்லை. நாலு பேர் இருக்கிற இடத்தில் அவளுக்கு என்றைக்குமே நாக்கு எழுந்ததில்லை. "ஒண்ணுமில்ல கண்ணு" என்று சொல்லிவிட்டுப் போய், கழுவ எதுவும் இல்லாத தொட்டியைக் கழுவ ஆரம்பித்தாள்.

அந்த ஜாடிக்குள் கலர் மணிகள் எப்படி உருவாகின்றன என்பதை முன்னொரு நாள் சாப்பாட்டு நேரத்தில் வினிதாவே அவளுக்குச் சொல்லியிருந்தாள். பருத்திக் கழிவில் செல்லுலோஸ் என்று ஒன்று இருக்கிறதாம். அதை அமிலத்தில் போட்டு உடைத்தால் கண்ணுக்கே தெரியாத குச்சிகளாகத் தண்ணீரில் மிதக்குமாம். அதுதான் நார்க்கரைசல். அதை எண்ணெயோடு கலக்கினால் கோடிக்கணக்கான துளிகளாகப் பிரியும். அதற்கு எமல்ஷன் என்று பேர். சூடு காட்டி வைத்தால் ஒவ்வொரு துளியிலிருந்தும் தண்ணீர் கொஞ்சங்கொஞ்சமாக வெளியேறும். உள்ளே குச்சிகளுக்கு நெருக்கடி.

"நம்ம கம்பெனி பஸ்ஸு மாதிரின்னு வைங்களேன்," என்றிருந்தாள் வினிதா. "காலியா இருந்தா ஆளாளுக்கு ஒரு பக்கம் பாத்து உக்காருவோம். கூட்டம் ஏறுனா? எல்லாரும் ஒரே பக்கம் திரும்பித்தான நிக்கணும்? அப்படி அதுவே ஒரே திசைக்குத் திரும்பி அடுக்காகிரும்க்கா. யாரும் அடுக்க வேணாம்."

"அடுக்குனா கலர் எப்படி வரும்?"

"ஒரு அடுக்குக்கு மேல அடுத்த அடுக்கு லேசா திரும்பி உக்காரும். அதுக்கு மேல இன்னும் கொஞ்சம். சுத்துப் படிக்கட்டு மாதிரி. அந்தப் படிக்கட்டு ஒரு சுத்து சுத்தி வர்ற உயரம் எவ்வளவோ, அதுக்கேத்த கலர் கண்ணுக்குத் தெரியும். சாயமே கிடையாது. கடைசில துளி காஞ்சு சின்ன மணியாகி அடியில உக்காரும். படிக்கட்டு உயரமா இருந்தா செவப்பு. குறைஞ்சா பச்சை, நீலம்."

"எதுக்குக் குறையும்?"

"நெறையா காரணம் இருக்கு. முக்கியமா உப்பு. குச்சி ஒண்ணையொண்ணு தள்ளிக்கிட்டே நிக்கும்க்கா. உப்பு பட்டா அந்தத் தள்ளல் குறைஞ்சு ஒட்டிக்கிட்டு நிக்கும். அதான் உங்கள டி.ஐ. தண்ணில கழுவச் சொல்றது."

அப்போது ஜோதியம்மாள் தலையாட்டிவிட்டு ரசம் ஊற்றிக்கொண்டாள். பாத்திரத்தில் போர் தண்ணீரின் வெள்ளைக் கறை படியக்கூடாது என்பதற்காகத்தான் டி.ஐ. தண்ணீர் என்று அதுவரை நினைத்திருந்தாள். காது கேட்டதைக் கை அன்றைக்கே மறந்துவிட்டது. பூஜையன்று உப்பு அவளுக்கு வேறு ஏதோ ஒன்றாக இருந்தது. லேப்பில் பேசுகிற உப்பு ஒன்று, சாமிக்கு வைக்கிற உப்பு ஒன்று என்று மனசு தனித்தனியாக வைத்திருந்தது போல. இப்போது இரண்டும் ஒரே உப்பாக அடிக்குழாயின் திருகுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது. இல்லை, இந்நேரம் கரைந்து மேலே ஏறியிருக்கும்.

ஒரு கல் தங்கியிருக்குமா, இரண்டு கல்லா? ஒன்றுமே தங்காமல் கொட்டும்போதே போயிருக்கலாம். கவிழ்த்து வைத்ததில் விழுந்திருக்கலாம். தட்டின் கீழே விரலால் தடவி நாக்கில் வைத்துப் பார்த்தாள். துரு ருசிதான் இருந்தது.

வீட்டில் திம்மராயனிடம் சொன்னாள். அவன் கிரானைட் பட்டறை ஒன்றில் கல் ஏற்றி இறக்குகிறவன். வேலைவிட்டு வந்தால் புருவத்தில்கூட வெள்ளைத் தூள் இருக்கும். முழுசும் கேட்டுவிட்டு முகத்தைக் கழுவினான்.

"நீ பாட்டுக்கு சும்மா இரு," என்றான். "உப்பு போட்டத யாரு பாத்தா?"

"மாரம்மா குடுத்தா."

"அவ கேன்டீன்காரி. உப்பு குடுக்கறதுதான் அவ வேல. எதுக்குன்னு கேட்டாளா?"

"கேக்கல."

"அப்பறம் என்னா? கலர் மாறுனா மாறட்டும். செவப்பு வரலன்னா பச்சையா வித்துக்கறாங்கோ."

"அந்தப் பொண்ணு வேல இதுலதான் இருக்குது."

"உன் வேலயும் இதுலதான் இருக்குது. கொட்டாய்க்கு மறுபடியும் போறியா? ராவெல்லாம் குந்தினு இருமுவியே, மறந்துட்டியா?" என்றவன், அவள் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். "எனக்கு மறக்கல ஜோதி."

ஜோதியம்மாள் எழுந்து போய் அவனுக்குச் சோறு போட்டாள்.

அடுத்து வந்த நாட்களில் ஜோதியம்மாள் லேப்பைத் துடைக்கப் போனாள், ஜன்னலைத் துடைக்கப் போனாள், துடைத்ததையே மறுபடியும் துடைக்கப் போனாள். ஜாடி சுழன்றுகொண்டே இருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் மோர்தான். ஒரு நாள் அதில் லேசான நீலம் ஓடியது போலத் தோன்றியது. கிட்டப்போய்ப் பார்த்தால் ஜன்னலுக்கு வெளியே நின்ற தண்ணீர் லாரியின் நிறம். கேன்டீனில் சோறு இறங்கவில்லை. "அக்கா விரதமா?" என்று கேட்டாள் மாரம்மா. ஆமாம் என்றாள். எந்தச் சாமிக்கு என்று மாரம்மா கேட்காமல் போனது நல்லதாயிற்று.

வியாழக்கிழமை காலை, ஜாடியிலிருந்து ஒரு சொட்டு எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தாள் வினிதா. வெகுநேரம் தலையைத் தூக்கவில்லை. தூக்கியபோது மூக்கு நுனி சிவந்திருந்தது.

"அக்கா, கொஞ்சம் இங்க வந்து பாருங்களேன். எனக்கு மட்டுந்தான் இப்படித் தெரியுதா?"

நல்ல பேட்ச்சில் அது எப்படித் தெரியும் என்று முன்பே ஒருமுறை அவள் காட்டியிருக்கிறாள். கறுப்பில் மிதக்கும் உருண்டைகள். ஒவ்வொன்றுக்குள்ளும், குறுக்கே வெட்டிய வெங்காயம் மாதிரி வட்டத்துக்குள் வட்டம். வட்டங்களுக்கு இடையே தெளிவாக இடைவெளி இருக்கும். ஜோதியம்மாள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தாள். வெங்காயம் இருந்தது. வட்டங்கள்தான் இறுகிப்போய், விரல் ரேகையைப் போல ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன.

"நெருங்கிடுச்சு," என்றாள்.

"அதான்க்கா. இப்பவே இவ்வளவு நெருங்குனா காயும்போது பச்சைதான். நீலமாக்கூட போயிரும். என்ன தப்பு பண்ணேன்னே தெரியல. எடை ரெண்டு தடவை பாத்தேன். எல்லாம் ரெண்டு ரெண்டு தடவை பாத்தேன்." அவள் கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டாவில் துடைத்தாள். துடைத்த கண்ணாடியைப் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

சத்யப்ரியா மேடம் வந்து பார்த்தார். பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் நின்றார். சத்தம் போட்டிருந்தால் தேவலை என்று ஜோதியம்மாளுக்குத் தோன்றியது.

"கரைசலை எவ்வளவு நேரம் வடிகட்டின?"

"நீங்க சொன்ன அளவுதான் மேடம்."

"நிச்சயமா?"

வினிதா கையிலிருந்த கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். நிச்சயம் என்று சொல்லக்கூட இப்போது அவளுக்கு நிச்சயம் இல்லை.

"அப்ப ஸ்டாக்லயே உப்பு தங்கியிருக்கணும். அமிலத்தைக் கழுவி எடுத்ததுல ஏதோ விட்டிருக்கோம்." மேடம் மூலையில் இருந்த நீலக் கேனைப் பார்த்தார். மீதி நார்க்கரைசல் முழுவதும் அதில்தான் இருந்தது. பருத்தியிலிருந்து அதைச் செய்து எடுக்க மாசக்கணக்காகும் என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். "இதை வச்சு இன்னொரு பேட்ச் ஓட்டி அதுவும் போறதுக்கு, இப்பவே கொட்டிட்டு முதல்லேருந்து ஆரம்பிக்கலாம். வினிதா, உன் டிரெய்னிங் விஷயமா நான் மேல பேசணும். இப்ப ஒண்ணும் கேக்காத. ஜோதியம்மா, அந்தக் கேனை வாஷ் ரூமுக்கு எடுத்துட்டுப் போங்க. கொட்டிக் கழுவி வச்சிருங்க."

ஜோதியம்மாள் கேனைத் தூக்கினாள். கழுவும் அறை வரை போனாள். தொட்டிக்குப் பக்கத்தில் வைத்து மூடியில் கை வைத்தாள்.

கொட்டினால் முடிந்துவிடும். கேனில்தான் தப்பு என்று ஆகிவிடும். அந்தப் பெண் அழுதுவிட்டு ஊருக்குப் போவாள். படித்த பிள்ளை, வேறு இடம் கிடைக்கும். திம்மராயன் சொன்னதும் அதுதானே. மூடி திருகி வந்துவிட்டது. உள்ளே கஞ்சித் தண்ணீர் மாதிரி அது தளும்பியது. பிளாஸ்டிக் கூரையின் அடியில் ஏறுகிற வெக்கை அவள் முகத்தில் பட்டது போல இருந்தது. நெஞ்சுக்குள் அந்த விசில் கேட்கிறதா என்று மூச்சை இழுத்துப் பார்த்தாள். கேட்கவில்லை. மூடியைத் திரும்பத் திருகிக்கொண்டு லேப்புக்குள் வந்தாள். கேனைக் கீழே வைக்காமல் மேடத்துக்கு எதிரில் நின்றாள்.

"என்னம்மா?" என்றார் மேடம்.

"இத கொட்ட வேணாங்க."

"ஏன்?"

"தப்பு இதுல இல்லீங்க மேடம். ஜாடியில."

"ஜாடியில என்ன?"

"உப்பு போட்டுட்டன்."

மேடத்துக்குப் புரியவில்லை. "எந்த உப்பு?"

"கல் உப்புங்க. பூஜையன்னிக்கு. வெறும் பாத்திரமா சாமி முன்னாடி எப்படி வெக்கறதுன்னு... ஒரு கை போட்டன். சாயங்காலம் கொட்டிட்டன். டி.ஐ. தண்ணி நின்னு போச்சு, சாதா தண்ணியில அலசிட்டு கவுத்தன். அடிக்குழாய தெறந்து வுடல. திங்கக்கெழம வந்து கழுவிடலாம்னு இருந்தன், பஸ்ஸு மாட்டிக்கிச்சு." ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். இத்தனை பேச்சை அவள் அந்த அறையில் மொத்தமாகக்கூடப் பேசியதில்லை.

வினிதாவுக்குச் சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் வந்தது. "ஏக்கா! உப்பையா?" என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

சத்யப்ரியா மேடம் கேனை வாங்கினார். ஒரு சின்னக் குவளையில் கொஞ்சம் ஊற்றி, உப்பு இருந்தால் எண்ணில் காட்டிவிடும் ஒரு பேனா மாதிரியான மீட்டரை அதில் நனைத்தார். எண் ஓடி நின்றது. அவர் மூச்சு விட்டார். கரைசல் சுத்தமாகத்தான் இருந்தது.

பிறகுதான் கோபம் வந்தது.

"திங்கக்கெழமையே சொல்லியிருந்தா அப்பவே நிறுத்தியிருப்பேனே! ஒரு வாரம் போச்சு. பார்ட்டிகிட்ட நாக்கைச் சுழட்டிச் சுழட்டி ரெட் ரெட்னு சொல்லிட்டிருந்தேன். பக்கத்துலதான நின்னீங்க? ஏன் சொல்லல?"

"மறுபடியும் ரோஜாக் கொட்டாய்க்குப் போக வேண்டியதாயிடும்னு பயந்துட்டங்க."

"எந்த ரோஜா?"

ஜோதியம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். மேடத்துக்கு உண்மையிலேயே தெரிந்திருக்கவில்லை. இத்தனை நாளாக அவளை விழுங்க வாய் திறந்துகொண்டிருந்த அந்தக் கொட்டகை, எதிரில் நிற்கிறவருக்குக் கண்ணில் பட்டதே இல்லை. "முன்ன வேல செஞ்ச எடங்க. மூச்சு வாங்கும்" என்று மட்டும் சொன்னாள்.

விஷயம் அரைமணியில் கேன்டீன் வரை போய்விட்டது. கான்ட்ராக்ட் சூப்பர்வைசர் ராஜ்குமார் போனை ஆட்டிக்கொண்டு வந்து நின்றார். "மேடம், வேணும்னா இன்னைக்கே ஆள் மாத்திடறேன். நம்மகிட்ட ஆள் இருக்கு." ஜோதியம்மாள் கழுவும் அறைக் கதவுக்குப் பின்னால் நின்று, பிரஷ்ஷைக் கையில் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

உள்ளே ஒரு நாற்காலி நகர்ந்தது.

"மாத்தினா புதுசா வர்றவங்க அடுத்த பூஜைக்கு என்ன போடுவாங்கன்னு எனக்குத் தெரியாது ராஜ்குமார்," என்றார் மேடம். "மஞ்சள் போடலாம், சர்க்கரைப் பொங்கல் போடலாம். இவங்க இனிமே போட மாட்டாங்க. அது எனக்குத் தெரியும். நீங்க போங்க." பிறகு குரலை உயர்த்தினார். "ஜோதியம்மா! ஜாடி காலி பண்ணியாச்சு. கழுவிக் கொண்டாங்க. இன்னைக்கே திரும்ப ஆரம்பிக்கணும். ஆனா ஒண்ணு. இனிமே கவுத்து வச்சுட்டுப் போற வேலையே கூடாது. கையில கொண்டாந்து குடுத்துட்டு, கழுவியாச்சுன்னு வாய் திறந்து சொல்லணும். சொல்லலைன்னா கழுவலைன்னுதான் எடுத்துக்குவோம்."

அன்று அந்த ஜாடியை அவள் கழுவியதை வினிதா பிற்பாடு பலமுறை சொல்லிச் சிரித்திருக்கிறாள். அடிக்குழாயைத் திறந்து தண்ணீர் விட்டாள், மூடினாள், மறுபடியும் திறந்தாள். திருகைக் கழற்றி உள்ளே பிரஷ் விட்டாள். மீட்டரைக் கொண்டுவரச் சொல்லிக் கழுவிய தண்ணீரிலேயே நனைத்துப் பார்க்கச் சொன்னாள். பார்த்தும் நம்பாமல் இன்னொரு தடவை கழுவினாள். கடைசியில் இரண்டு கையிலும் ஏந்தி, கைக்குழந்தையைக் கொடுப்பது போல வினிதாவிடம் கொடுத்தாள். உள்ளே ஒன்றுமே இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சுவர் தெரிந்தது.

"சொல்லுங்கக்கா," என்றாள் வினிதா.

"என்னாத்த?"

"மேடம் சொன்னாங்கல்ல."

ஜோதியம்மாள் சுற்றிலும் பார்த்தாள். மேடம் காகிதத்திலிருந்து தலையைத் தூக்கி இவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "கழுவியாச்சு" என்றாள். யாருக்கும் கேட்டிருக்காது என்று தோன்றவே இன்னொரு முறை சொன்னாள். அது ரொம்பச் சத்தமாகிவிட்டது.

அடுத்த பேட்ச் காய்கிற வரை அவளுக்குச் சோறு சரியாக இறங்கவில்லை. வடிகட்டிய துணியில் கடைசியில் வெளுத்த பொடிதான் தெரிந்தது. அடியில் கறுப்பு இருந்தால்தான் நிறம் எழும் என்று வினிதா அதில் ஒரு சிட்டிகை எடுத்துக் கறுப்புத் தாளில் தூவி ஜன்னலோரம் சாய்த்துப் பிடித்தாள். பழுத்த மாதுளை முத்தின் சிவப்பு, தாள் அசைய அசைய எழுந்து எழுந்து அடங்கியது. சாம்பிள் தாமதமாகத்தான் பெங்களூர் போனது. பார்ட்டிக்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டே வாங்கிக்கொண்டார்கள். வினிதாவுக்கு நிரந்தர ஆர்டர் வந்தது. கெட்டுப்போன பேட்ச்சைத் தனியாகக் காயவைத்து, அந்தப் பச்சை மணிகளை ஒரு சின்னப் பாட்டிலில் போட்டு மேடம் தன் மேஜைமேல் வைத்திருக்கிறார். அழகாகத்தான் இருக்கும். அந்த மேஜையைத் துடைக்கும்போது ஜோதியம்மாள் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை.

மறுவருஷம் ஆயுத பூஜை வந்தது. தராசு வந்தது, ஸ்பேனர்கள் வந்தன. எல்லோரும் ஜோதியம்மாள் பக்கம் திரும்பி, இவள் என்ன கொண்டுவருகிறாள் பார்க்கலாம் என்று நின்றார்கள். "அக்கா, உப்பு தரட்டா?" என்று வாசலிலிருந்தே கத்தினாள் மாரம்மா. ஒரே சிரிப்பு.

ஜோதியம்மாள் வந்து வாழையிலையின் ஓரத்தில் தன் நீளமான கழுவும் பிரஷ்ஷை வைத்தாள். கைப்பிடியில் சந்தனம் தடவி ஒரு பொட்டு இட்டாள். பிரஷ்ஷுக்கு உள்ளே இடம் கிடையாது. அது காலியா நிறைந்ததா என்று சாமி கேட்க முடியாது.

கற்பூரம் அணைந்ததும் அந்தப் பிரஷ்ஷை எடுத்துத் தன் டிபன் பையில் போட்டுக்கொண்டாள். குங்குமம் பட்ட பிரஷ். இனி அதை ஜாடிக்குள் விடக்கூடாது. வீட்டில் குடம் தேய்க்க ஆகும். புதுப் பிரஷ் ஒன்றை அதற்கு முன்பே கேட்டு வாங்கி, காகித உறை பிரிக்காமல் அலமாரியில் பூட்டி வைத்திருந்தாள். பஸ்ஸில் ஏறப்போனவள் பாதிப் படியில் நின்று, சாவியை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டு, மறுபடியும் இறங்கி உள்ளே ஓடினாள்.

"என்னாக்கா மறந்துட்ட?" என்று மாரம்மா ஜன்னலிலிருந்து கத்தினாள்.

ஒன்றும் மறக்கவில்லை. கம்பித் தட்டில் எதுவும் கவிழ்ந்திருக்கவில்லையே என்று பார்த்துவிட்டு வந்தாள்.